ஹெலன் என்கிற இன்னொருத்தி

சோறு போட்டு வளர்த்தவளைப் பார்த்தே கூச்சப்படுகிற பிள்ளையை, 'நன்றி கெட்டது' என்று சட்டென்று திட்டிவிடுகிறோம். அந்தக் கூச்சத்தை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

மெர்ல் ஹாட்ஜ் 1970-ல் எழுதிய 'கிரிக் கிராக், மங்கி' நாவலைப் படித்தால் நீங்களும் கேட்பீர்கள். கதை நடப்பது பிரிட்டிஷார் ஆண்ட டிரினிடாட் தீவில். டீ ஒரு கறுப்பினச் சிறுமி. அம்மா இல்லை. அப்பா இங்கிலாந்து போய்விட்டார். அவளையும் தம்பியையும் வளர்ப்பவள் அத்தை. வாயைத் திறந்தால் வசவு. ஆனால், பிள்ளைகள் என்றால் உயிர்.

பள்ளிக்கூடப் புத்தகத்திலோ வேறு உலகம். ஆப்பிள் மரம், புகைபோக்கி வைத்த வீடு, வெள்ளைக்காரக் குழந்தைகள். டீ தனக்குள் ஹெலன் என்றொரு சிறுமியை உண்டாக்கிக்கொள்கிறாள். ஹெலன்தான் அசல், தான் வெறும் நிழல் என்று நம்புகிறாள். 'நீ மட்டம்' என்று கத்துகிற வாத்தியாரைவிட, அந்தப் புத்தகம்தான் ஆழமாகக் காயப்படுத்துகிறது.

நன்றாகப் படித்ததால் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கிறது. அம்மாவின் சகோதரி வீட்டில் போய்த் தங்குகிறாள். அங்கே வெளுத்த தோல்தான் அந்தஸ்து. அந்த வீட்டுப் பெண்கள் அவளை ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஒருநாள், எண்ணெய்க் கறை படிந்த பைகளில் பலகாரத்தோடு அத்தை வந்து நிற்கிறாள். டீக்கு அவமானமாகிவிடுகிறது!

சரி, தப்பு யார் மேல? பாடப்புத்தகம் போட்ட ஆட்சி மேல் என்று சொல்லிவிடலாம். உண்மைதான். ஆனால், காரணம் தெரிந்துவிட்டதால் அத்தையின் வலி குறைந்துவிடுமா? கூச்சத்தைக் கற்பித்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது பலகாரம் கொண்டுவந்தவள்.

குழந்தையாக இருந்தபோது வந்த வெட்கத்துக்கு டீ பொறுப்பில்லை. ஆனால், அது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு திரும்பிப் பார்ப்பது அவள் பொறுப்புதான். பெரியவளாவது என்றால் எனக்கு அதுதான். இந்தக் கதையை வளர்ந்த டீயே சொல்கிறாள், எதையும் மறைக்காமல்.

டீயிடம் தன் பாட்டியின் சாயலைப் பார்க்கிற ஒரு கிழவியும் கதையில் உண்டு. அந்தப் பாட்டியின் நிஜப் பெயர் மட்டும் கிழவிக்கு ஞாபகம் வருவதில்லை. சாகப்போகும் நாட்களில் வந்துவிடுகிறது. பேத்திக்கு அந்தப் பெயரையும் சேர்த்து வைக்கச் சொல்கிறாள். அத்தையோ அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் போயே போய்விட்டது. டீ இங்கிலாந்துக்குக் கிளம்புகிறாள்.

ஹெலன்கள் அச்சுப் புத்தகத்தில் இருந்தார்கள். அந்தப் பெயர் ஒரு கிழவியின் வாயில் மட்டும் இருந்தது. உங்கள் பாட்டியின் பாட்டிக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா?