மீனுக்காக அழலாமா?

ஜவ்வாது மலையிலே தோன்றிச் சமவெளிக்கு இறங்கும் செய்யாறும் கமண்டல நாகநதியும் மழைக்காலத்தில் பெருகியும் கோடையில் சுருங்கியும் விளங்குவன. நீர் வற்றுங்காலத்து மடுக்களில் தங்கிய சிறு மீன்களைப் பிள்ளைகள் கையால் அள்ளிப் பாத்திரத்தில் இட்டு வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். இக்காலத்தில் நகரத்து இல்லங்களில் கண்ணாடித் தொட்டி அவ்விடத்தைப் பெற்றிருக்கிறது. ஒருநாட் காலையில் அம்மீன் மேலே மிதக்கிறது. குழந்தை அழுகிறது. "ஒரு மீனுக்கா இத்தனை அழுகை?" என்று பெரியோர் நகைக்கின்றனர். சிறிது கற்றவராயின், "ஜடபரதர் மானாய்ப் பிறந்த கதை தெரியாதா?" என்று சாஸ்திரத்தையும் துணைக்கு அழைக்கின்றனர்.

அக்கதை இவ்விடத்தில் துணை வருமா என்பது ஆராயத்தக்கது. ஸ்ரீமத் பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தத்தில், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி நதியைத் தாண்டிய தாய்மான் உயிர்துறக்க, வெள்ளத்தில் விழுந்த குட்டியைப் பரதர் எடுத்து வளர்த்தார். எடுத்ததை முனிவர் எவரும் குற்றமென்று கூறவில்லை. நாளடைவில் நியமங்கள் ஒவ்வொன்றாய் நழுவின. பகவானை நினைக்கவேண்டிய உள்ளம் முழுவதையும் மான்குட்டியே நிறைத்துக் கொண்டது. அந்திம காலத்திலும் அதுவே நின்றது. அங்கே நிகழ்ந்த பிழை மறதி. ஒரு குழந்தை விடும் கண்ணீரை அத்தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது.

மீனைப் பற்றியே பேசும் வேறொரு கதை பாகவதத்தில் உண்டு. ஏனோ அதனை எடுத்துரைப்பார் குறைவு. யமுனையின் மடுவில் ஸௌபரி முனிவர் தவம் புரிந்தார். பசியுற்ற கருடன் அவர் தடுத்தும் கேளாமல் அங்கிருந்த மீன்களின் தலைவனைக் கவர்ந்து உண்டான். தலைவனை இழந்த மீன்கள் துயருற்றன. மீன்கள் துக்கித்தன என்று நூலே கூறுகிறது என்பதை அன்பர்கள் கருதவேண்டும். இரக்கமுற்ற முனிவர், "இனி இங்கு வந்து மீனை உண்டால் கருடன் உயிர் இழப்பான்" என்று சபித்தார்.

இதுவரை கேட்போர்க்கு இனிதாகவே இருக்கும். ஆனால் விளைந்தது என்ன? கருடன் வரமுடியாத இடம் இதுவென்று அறிந்த காளியன் அம்மடுவிற் குடிபுகுந்தான். அவன் விஷத்தால் நீர் கொதித்தது. மேலே பறந்த பறவைகளும் விழுந்து மாண்டன. மீன்களைக் காக்க எழுந்த சொல்லே மடுவை நஞ்சாக்கிய நாகத்திற்கு அரணாயிற்று! கண்ணன் வந்து காளியனை அகற்றும்வரை அந்நீர் தெளியவில்லை. அதே ஸௌபரி, நீருக்குள் மீன்கள் கூடி வாழ்வதைக் கண்டு இல்லற ஆசை மேலிட, மாந்தாதாவின் ஐம்பது பெண்களை மணந்தார் என்பது ஒன்பதாம் ஸ்கந்தம். இது கருடனிடம் பட்ட அபசாரத்தின் பலன் என்று இணைத்துரைப்பாரும் உளர். எவ்வாறாயினும் முனிவர் இரங்கியதில் பிழையில்லை. இரக்கம் கோபமாக மாறிய கணத்திலேதான் காளியனுக்கு வழி திறந்தது.

இது புராணத்தோடு நிற்கும் செய்தியன்று. தொட்டி மீனை மேலும் வளர்க்க மனமின்றி, "எங்கேனும் பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியிலோ கோயில் திருக்குளத்திலோ விட்டுவிடுவோர் உண்டு. புண்ணியமென்றே அவர்கள் எண்ணுகின்றனர். தென்னமெரிக்காவைச் சேர்ந்த, தொட்டியின் பாசியைத் தின்னும் கவச உடல் மீன் இவ்வாறு நம் நாட்டு நீர்நிலைகளில் பரவி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்து வருகிறது. ஒன்றின்மேல் வைத்த தயை பலவற்றுக்குக் காளியனாய் முடிகிறது.

துக்கத்தைச் செவ்விய முறையில் நடத்தியோரும் உளர். காசர்கோடு மாவட்டத்து அனந்தபுரம் அனந்தபத்மநாபன் ஸந்நிதி, ஏரியின் நடுவே அமைந்தது. அவ்வேரியில் பபியா என்னும் முதலை பல்லாண்டு வாழ்ந்தது. அர்ச்சகர் கையால் பிரஸாதம் பெற்றது. 2022 அக்டோபர் 9 அன்று அது இறந்தபோது மக்கள் திரளாக வந்து மலர் சார்த்தி, கோயிலருகே அடக்கம் செய்தனர். தக்ஷிண கன்னட மாவட்டத்துச் சிசிலம் சிவஸ்தலமாயினும் இங்கே குறிப்பிடத்தக்கது. அங்குக் கபிலா நதியில் பக்தர்கள் அரிசியிட்டுப் போற்றிய மீன்கள் 1996-இல் கயவர் கலந்த நஞ்சால் கூட்டமாய் மாண்டன. ஊரார் அவற்றுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். இன்றும் அத்துறையில் மீன்கள் உள்ளன, அரிசியிடுவாரும் உள்ளனர்.

அழுத அன்று மாலையே கடைக்குச் சென்று அதே நிறத்தில் வேறொரு மீன் வாங்கிக் கொடுப்பதும் ஏற்றதாகத் தோன்றவில்லை. உடைந்த பொம்மைக்கு மாற்று வாங்குவது போன்றது அது. மீன் ஏன் இறந்தது என்று கேட்கக் குழந்தைக்கு உரிமையுண்டு. அளவுக்கு மிஞ்சி இட்ட இரை அழுகி நீரைக் கெடுத்ததோ, குழாய் நீரில் கலந்த குளோரின் கேடு செய்ததோ, பாத்திரமே சிறிதோ என்று பார்க்கவேண்டும். கிருதமாலை நதியில் ஸத்யவிரத மன்னன் கையில் வந்த மீனை எடுத்துக் கமண்டலத்தில் இட்டான். ஓரிரவில் அது போதவில்லை. பெரிய பாத்திரம், பின் தடாகம், முடிவில் கடல் என்று மீன் வளர வளர மன்னன் இடம் மாற்றினான். வந்தவர் பகவான் என்று அறிவதற்கு முன்னரே அவன் செய்த பணிவிடை அது.

மீன் இறந்தால் தீட்டு உண்டோ, ஸ்நானம் உண்டோ என்று வினவுவோர்க்கு, சாஸ்திரம் அவ்வாறு ஆசௌசம் எதையும் விதிக்கவில்லை என்பதே விடை. சடாயுவுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இராமபிரான் செய்த கிரியையோ விதிக்குக் கட்டுப்பட்டதன்று, அன்பினால் செய்தது. காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் சடாயுவை மடியில் ஏந்திய திருக்கோலத்திலே இன்றும் வீற்றிருக்கிறார். மலையிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் யாத்ரீகர்கள் சிறிது விலகினால் ஸேவித்துச் செல்லலாம். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம்.