எங்கே பார்த்தீர்கள்?

வலது கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். பஸ்ஸில் படிக்கிறவர்கள், பக்கத்து ஸீட்காரர் ஒரு மாதிரி பார்த்தால் கண்டுகொள்ள வேண்டாம். அந்த நகம் இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் உங்கள் கண்ணால் ஒரே நேரத்தில் துல்லியமாகப் பார்க்க முடியும். சுற்றியிருக்கும் மற்றதெல்லாம் மங்கல்தான். அது நமக்கு உறைப்பதே இல்லை. காரணம், கண் விநாடிக்கு மூன்று நான்கு தடவை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவுகிற அந்தக் கணத்தில் நாம் கிட்டத்தட்ட குருடர்கள். கிடைத்த துண்டு துக்கடாக்களை மூளை ஒட்டுப் போட்டு, 'இந்தா முழுப் படம்' என்று நீட்டுகிறது. நாமும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

இந்தத் தாவலைக் கணக்கெடுக்க ஒரு மூக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அதன் ஃப்ரேமிலிருந்து அகச்சிவப்பு ஒளி விழியில் படும். அது பட்டுத் தெறிக்கும் புள்ளியையும் கண்மணியையும் ஒரு குட்டி காமிரா படமெடுக்கும். எதிரே இருப்பதை இன்னொரு காமிரா எடுக்கும். இரண்டையும் பொருத்தினால், எந்த இடத்தில் எத்தனை நேரம் உங்கள் பார்வை நின்றது என்று புட்டுப் புட்டு வைத்துவிடலாம். சோப்பு விளம்பரக்காரர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள், மியூசியக்காரர்களும்தான்.

மியூசியத்தில் நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதற்கு இந்தக் கண்ணாடிகூட வேண்டாம், கடிகாரம் போதும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஓவியங்களின் முன்னால் மக்கள் நின்ற நேரத்தைக் குறித்தார்கள். 2001-ல் வெளியான கணக்குப்படி சராசரி 27 விநாடி. நான் பி.காம். சராசரியைக் கண்டால் கை தானாக மீடியனைத் தேடும். அது வெறும் 17 விநாடி! ரொம்ப நேரம் நின்று பார்த்த சில புண்ணியவான்கள்தான் சராசரியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

புண்ணியவான் என்றதும் எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறார். சடையங்குப்பத்துக்காரர். மணலி புகைபோக்கிகளுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே இருக்கும் ஊர். திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் முப்பது வருஷம் மோல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற வேலை. ஒரு வேலையாக எழும்பூர் பக்கம் வந்தவரை, 'வாங்கண்ணே, ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்' என்று மியூசியத்துக்குள் இழுத்துப் போனேன். "செத்த காலேஜுதானே சார்? சின்ன வயசுல வந்தது" என்றார். வட சென்னையில் அதற்கு அந்தப் பெயர்தான். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், இது செத்த காலேஜ்!

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றோம். நான் என் பாண்டித்தியத்தை ஆரம்பித்தேன். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இந்த ஊருக்கே வராமல், மெட்ராஸ் மியூசிய வெண்கலச் சிலைகளின் போட்டோக்களைப் பார்த்தே உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1921-ல் அது வெளியானது என்றெல்லாம்.

அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. குனிந்து காலடியைப் பார்த்தார். பக்கவாட்டில் போய்க் கையும் தோளும் சேருகிற இடத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். முகத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"இன்னா சார், ஒரு ப்ளோ ஹோலு காணோமே! மெட்டலை எங்கேர்ந்து ஊத்திருப்பான்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதே அச்சில் இரண்டாவது கிடையாது.

"அப்ப ரிஜெக்‌ஷன் வந்தா மொதல்லேர்ந்தா?" என்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

நான் வாட்ச் பார்த்தேன். மனசுக்குள், 'பாவம், ரசனை அவ்வளவுதான்' என்று ஒரு மார்க்கும் போட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், நான் சிலையைப் பார்த்தது அந்த 17 விநாடிகூட இருக்காது. மீதி நேரம் என் பேச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

யார்பஸ் என்று ஒரு ரஷ்ய விஞ்ஞானி. விழியிலேயே காற்றுறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் குட்டிக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி ஆராய்ச்சி செய்தவர் (படிக்கும்போதே கண் கூசுகிறது). 1965-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு பிரபலமான சோதனை உண்டு. ரெபின் வரைந்த ஓவியம். நாடு கடத்தப்பட்ட ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வீடு திரும்புகிறான், வீட்டார் திகைக்கிறார்கள். ஒரே ஆசாமிக்கு ஒரே ஓவியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி கேட்டார். 'இவர்களுக்கு என்ன வயசு?' என்றால் கண் முகங்களுக்கே போனது. 'வசதியான குடும்பமா?' என்றால் நாற்காலி, மேசை, துணிமணி என்று அலைந்தது. 'எத்தனை நாள் கழித்து வந்திருக்கிறான்?' என்றபோது வந்தவன் முகத்துக்கும் வீட்டார் முகத்துக்கும் நடுவே போய் வந்துகொண்டே இருந்தது.

படம் ஒன்று, ஆள் ஒருவர், கண்ணும் அதே கண். மாறியது கேள்வி மட்டும்தான்.

மோல்டர் அண்ணன் கண்ணில் அந்தக் கண்ணாடியை மாட்டியிருந்தால் கம்ப்யூட்டர் என்ன சொல்லியிருக்கும்? 'முகத்தில் ஆர்வம் இல்லை, பாதத்தில் அதிக நேரம்.' பக்தர் என்றுகூட முடிவு கட்டியிருக்கும்! கண் எங்கே நின்றது என்று மெஷின் சொல்லும். அதை அங்கே அனுப்பிய கேள்வி எது என்பதை அவரிடமே கேட்டால்தான் உண்டு.

இதில் எனக்கு ஒரு தர்மசங்கடம். செய்ததற்கும் சொன்னதற்கும் நாம் பொறுப்பு, சரி. பார்க்காமல் விட்டதற்கு? தமிழில் 'கண்டும் காணாமல்' என்று ஒரு பிரயோகம் இருக்கிறது. கண்டும் காணாமல் போனவனைத் திட்டுவோம். நிஜமாகவே காணாமல் போனவனை, 'பாவம், கவனிக்கவில்லை' என்று விட்டுவிடுவோம். ஆனால் கண் போகிற இடத்தைக் கேள்விதான் தீர்மானிக்கிறது என்றால், கேள்வியை மனசில் சுமந்து போனவன் யார்? நான்தானே. அப்புறம் 'என் கண்ணில் படவில்லை' என்று கையைக் கழுவுவது எப்படி?

ஆம்ஸ்டர்டாம் வான்கோ மியூசியத்தில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கண்ணாடியை மாட்டி ஒரு சோதனை செய்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. முதலில் குழந்தைகளின் கண் பளிச்சென்று இருக்கும் இடத்துக்கு ஓடியது. ஓவியத்தின் கதையைச் சொன்னதும் வேறு இடங்களைத் தேடத் தொடங்கியது. பெரியவர்களோ ஆரம்பத்திலிருந்தே ஏற்கெனவே தெரிந்ததை வைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, நான் சடையங்குப்பத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் வீட்டில்தான் டீ குடித்தேன். என் மனசில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: 'எவ்வளவு கஷ்டம்?' கண் அதன்படியே வேலை செய்தது. ஊறிப்போன பாய், சேறு படிந்த ஸ்கூல் பை, சுவரில் தண்ணீர் நின்ற கோடு. அவர்களைப் பற்றி உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

மியூசியத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வந்தார். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கரன்ட் மீட்டரையும் ஸ்விட்ச் போர்டையும் நெஞ்சு உயரத்துக்கு மேலே ஏற்றச் சொல்லி எலெக்ட்ரீஷியனோடு சண்டை போட்டது. மூத்த பெண்ணின் சர்ட்டிபிகேட், பத்திரம், ரேஷன் கார்டு வைக்க, பரணுக்கும் மேலே தகரத்தில் தானே ஒரு பெட்டி அடித்தது. மிக்ஜாமில் தண்ணீர் போர்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பெட்டி நனையவே இல்லை.

"அடடா, இதையெல்லாம் எப்பண்ணே செஞ்சீங்க? நான் வந்துட்டுப் போனதுக்கு அப்புறமா?"

"இன்னா சார்... நீங்க வந்தப்பவே இருந்துச்சே! அதுங்கீழத்தானே உக்காந்து டீ குடிச்சீங்க!"

வீட்டுக்கு வந்து அன்றைக்கு எடுத்த போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். தண்ணீர்க் கோடு படத்தின் நடுவே பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே, வலது பக்க மூலையில், வரிசையாக ஸ்விட்சுகள். தகரப் பெட்டியின் ஒரு முனையும் தெரிகிறது.