குடியிருக்கும் ஊரும் இனவேற்றுமையும்

மக்கள் குடியேறுதற்கு ஊர் தெரியுங்கால் நீர்வளம், தொழில், கல்விச்சாலை, திருக்கோயில் முதலியவற்றை ஆராய்தல் இயல்பு. இவற்றொடு, அவ்வூரில் பல இனத்தார் கலந்து வாழ்கின்றனரோ, ஓரினத்தாரே வாழ்கின்றனரோ என்பதனையும் ஆராய்தல் வேண்டுமோ என்பது ஒரு வினா. புதுச்சேரியின் பழைய நகர்க்கு வடமேற்கே அமைந்த சாரம் முதலிய இடங்களில் வீடு நாடி வருவார்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஆதலின் இதனைச் சித்தாந்த நெறிநின்று சிறிது ஆராய்வாம்.

வேண்டா என்பார் கூற்றை முதற்கண் நோக்குவாம். உயிர்க்கு இனம் இல்லை. நிறமும் குலமும் மாயையின் காரியமாகிய உடலைப் பற்றியன. ஆகவே அண்டை வீட்டார் எவராயின் என்னை என்பர் அவர். கூற்று உண்மையே. ஆயினும் அதனை எளிதிற் கூறுவார் யாவர் என்பதும் நோக்கற்பாலது. எத்தெருவிலும் கதவு திறக்கப்பெறுவார்க்கு இனவேற்றுமை ஒரு பொருளாகத் தோன்றாது. தம் முகத்தைக் கண்ட அளவிலோ பெயரைக் கேட்ட அளவிலோ ‘வீடு இல்லை’ எனத் திருப்பப்படுவார்க்கு அது பெரும்பொருளாம். உயிர்க்கு இனம் இல்லை என்னும் மெய்யைப் பிறர் படும் இன்னலைக் காணாதிருத்தற்குத் திரையாகக் கொள்வது சைவர்க்கு அடாது.

இனி, பல்லினத்தார் உள்ள ஊரே நல்லூர் என்பாரும் உளர். அவர்க்குப் புதுச்சேரியின் வரலாறே விடை பகரும். 1674-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர் இங்கு நிலைகொண்டனர். அவரும், தமிழரும், தெலுங்கு வணிகரும், முகம்மதியரும் ஒரு நகரிலேயே வாழ்ந்தனர். ஆயின் வாழ்ந்தவாறு யாது? கடலையடுத்த கீழ்ப்பகுதி வெள்ளையர் நகர். மேற்பகுதி கறுப்பர் நகர். இடையே ஒரு வாய்க்கால். 1748-ஆம் ஆண்டில், துய்ப்ளே ஆளுநராயிருந்த காலத்து, வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிற் காணலாம். 1873-ஆம் ஆண்டில், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றம் புக்கமைக்காகத் தடுக்கப்பட்டார். பாரிசு நகரின் மேல்முறை மன்றம் வரை சென்றே அவர் தம் உரிமையை நிலைநாட்டினார். இனங்கள் பல இருந்தன, இணக்கம் இருந்திலது.

இக்குற்றம் வெள்ளையர்மாட்டு மட்டுமே உளதெனக் கூறி அமைதல் நேர்மையாகாது. வாய்க்காலின் மேற்கே நம்மவர் தெருக்கள் வெள்ளாளர், செட்டி, கோமுட்டி எனச் சாதிப்பெயர் பெற்றன. தாழ்த்தப்பட்டோர் நகர்க்குப் புறம்பே சேரிகளில் ஒதுக்கப்பட்டனர். நீரோடும் வாய்க்காலைக் கடத்தற்குப் பாலங்கள் இருந்தன. இவ்வாய்க்காலுக்கோ பாலமும் இல்லை.

அங்ஙனமாயின் ஆராயத்தக்கது யாது? இறைவன் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிப்பன் என்பது நம் நூற்றுணிபு. அவற்றுள் புவனம் என்பது உயிர் வினையை நுகர்ந்து மலம் பக்குவமடைதற்கு வாய்த்த இடம். நாம் வாழும் ஊரும் அதன்கண் அடங்கும். உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. தன்னை ஒத்தாரோடே உண்டு, தன்னை ஒத்தாரோடே பேசி வாழ்வான், தன் வழக்கமே உலகின் ஒழுக்கம் எனக் கருதுவன். அக்கருத்து ஆணவத்திற்கு உணவாம். வேற்று மொழியினரும் வேற்று நாட்டினரும் அண்டையில் வாழ்ந்து, நோயில் உதவி, சாவில் தோள் கொடுப்பராயின், யான் எனது என்னும் முனைப்புத் தளர்தற்கு வாயில் உண்டாம். எனவே இனக்கலப்பு மதிக்கத்தக்கதே. அதன் பயன் எண்ணிக்கையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது.

இதற்குச் சான்று பெரியபுராணத்துள் உளது. திருஞானசம்பந்தர் சாத்தமங்கைக்கு எழுந்தருளியபொழுது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர்தம் துணைவியார்க்கும் தங்க இடம் அளிக்குமாறு திருநீலநக்க நாயனாரை வேண்டினார். மறையவராகிய நாயனார் பாணர்க்குப் புறத்திண்ணையைக் காட்டினாரல்லர். தம் மனையின் நடுவே, வேள்வித் தீ வளரும் வேதிகையின் பக்கத்தே இடங்கொடுத்தார். தீயும் வலஞ்சுழித்து எழுந்தது. பிறர்க்கு இல்லத்தில் எவ்விடம் கொடுக்கின்றோம் என்பதே நம் அன்பின் அளவு.

அற்றேல், தம்மினத்தாரோடு வாழ விரும்புதல் குற்றமோ எனின், அன்று. பிரெஞ்சு ஆட்சியில் இந்தோசீனத்திற்குப் பணிபுரியச் சென்ற புதுவைத் தமிழர் சைகோனில் தமிழரையும் தமிழர் கோயிலையும் நாடினர். அஃது அடைக்கலம் நாடுதல். அவருட் சிலர் வியத்துநாம் பெண்டிரை மணந்து புதுவைக்கு மீண்டனர். அன்னார் வழியினர் இங்கு வாழ்கின்றனர். தம்மவரை நாடுதல் வேறு. பிறர்க்குக் கதவடைத்தல் வேறு.

ஆகவே ஊர் தெரிவார் ஆராயவேண்டியன இவை: இங்கு எவர்க்கு வீடு மறுக்கப்படுகின்றது? எவர் பிள்ளைகள் எவர் வீட்டில் உண்கின்றனர்? கோயிலிலும் சுடுகாட்டிலும் எவர் விலக்கப்படுகின்றனர்? இவற்றிற்கு வரும் விடையே அவ்வூரின் தகுதி. சாரத்தில் இன்று வாடகைக்கு வீடு தேடுவார் நாளை வீடு கட்டி வாடகைக்கு விடுவாரும் ஆவர். அன்று வாயிலில் வேற்றினத்தார் ஒருவர் வந்து நிற்குங்கால், இவ்வினாக்கள் அவரையே நோக்கி எழும் என்க.