உழைப்பை ஏற்றபின் உரிமையை மறுக்கலாமா?

ஓர் அமைப்பு வேற்று நிலத்துச் சிறுவன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, அவன் உடலைத் தன் வழக்கத்திற்கேற்ப வளர்த்து, அவ்வுடலின் வலிமையால் பல்லாண்டுகள் புகழும் வருவாயும் பெற்றபின், அவனுக்குத் தன் ஆட்சியில் இடமளிக்க வேண்டிய வேளையில் மட்டும் அவன் பிறப்பைத் தடையாகக் காட்டுவது அறமாகுமா என்னும் வினா, ஜப்பானியரின் சுமோ மற்போரில் மங்கோலிய வீரர் ஹகுஹோ கண்ட உயர்விலும் விலகலிலும் தெளிவாக எழுகிறது. வேற்று நிலத்திலிருந்து வந்த தமிழரின் உழைப்பால் ஆழம்பெற்ற, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் அவ்வினா புதியதன்று.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற முன்பாத்தின் மகனான ஹகுஹோ, 2000ஆம் ஆண்டில் 15 வயதில் ஜப்பானுக்குச் சென்றபோது ஏறத்தாழ 62 கிலோ எடையே இருந்தார். எனவே வீரர்கள் தங்கிப் பயிலும் ‘ஹெயா’ எனப்படும் மற்பள்ளிகள் அவரை ஏற்கத் தயங்கின. ஊர் திரும்பவேண்டிய நாள் நெருங்கியபோதுதான் மியாகினோ பள்ளி இடமளித்தது. அச்சிறுவன் 2007இல் 69ஆவது ‘யோகோசுனா’ ஆனார். யோகோசுனா என்பது சுமோவின் உச்சநிலை. அதிலிருந்து கீழிறக்கம் இல்லை, திறன் குன்றினால் ஓய்வு பெறுவதே முறை. 45 பட்டங்களும் 1187 வெற்றிகளும் பெற்ற அவரை எண்ணிக்கையில் எவரும் விஞ்சியதில்லை. இவ்வெண்களினும் பெரிதாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு: பணத்துக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்த முறைகேடு அம்பலமாகி, 2011ஆம் ஆண்டின் வசந்தகாலப் போட்டியே கைவிடப்பட்டு, சுமோவின் நற்பெயர் குலைந்திருந்த காலத்தில், அவ்விளையாட்டுக்கு இருந்த ஒரே யோகோசுனா இந்த மங்கோலியர்தான்.

ஓய்வுபெற்ற வீரர் சுமோ சங்கத்தில் மூத்தோராகத் தொடர்ந்து, இளையோரைப் பயிற்றுவிக்க வேண்டுமாயின் ஜப்பானியக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. இரட்டைக் குடியுரிமையை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே தன் நாட்டின் வீரத்திருமகனாகப் போற்றப்பட்ட தந்தைக்குப் பிறந்த ஹகுஹோ, 2019இல் மங்கோலியக் குடியுரிமையைத் துறந்தார். அவருக்கு முன் 68ஆவது யோகோசுனாவாக விளங்கிய அசாஷோர்யூ அதைத் துறக்கவில்லை. 2010இல் களத்தை விட்டதோடு சங்கத்துடனான அவர் தொடர்பும் முடிந்தது. ஒரு பள்ளிக்கு வெளிநாட்டு வீரர் ஒருவரே என்னும் வரம்பை அதே 2010இல் சங்கம் மேலும் இறுக்கியது. குடியுரிமை மாறியவரும் வெளிநாட்டில் பிறந்தவராயின் அவ்வொருவராகவே எண்ணப்படலாயினர். குடியுரிமையே தகுதியென்றால் அதைப் பெற்றவர் அயலார் ஆகார். பிறப்பே தகுதியென்றால் குடியுரிமையைத் துறக்கச் சொல்வதில் பொருளில்லை. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் விதி, விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தர மறுக்கும் விதியே ஆகும்.

மறுதரப்பின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுமோ வெறும் போட்டியன்று; களத்தில் உப்பு தூவித் தூய்மை செய்வது முதல் ஷிண்டோ வழிபாட்டோடு பிணைந்த மரபு அது; மரபைக் காப்பவர் அதன் நெறிகளில் தோய்ந்தவராக இருக்கவேண்டும் என்று கேட்க அதன் உரிமையாளருக்கு நியாயமுண்டு. ‘ஹின்காகு’ என்று அவர்கள் கூறும் மாண்பை, அதாவது வென்றவனிடமும் எதிர்பார்க்கப்படும் அடக்கத்தை, ஹகுஹோ எப்போதும் காத்தார் என்று கூறுவதற்கில்லை. எதிராளியின் முகத்தில் அறைந்தும் முன்கையால் இடித்தும் அவர் ஆடிய முறை விதிக்குட்பட்டதே எனினும், யோகோசுனாவுக்கு அழகன்று எனக் கண்டிக்கப்பட்டது. அதனினும் கடியது, 2024இல் அவருடைய மாணவர் ஒருவர் இளைய வீரர்களை அடித்துத் துன்புறுத்தியது வெளிப்பட்டமை. அதில் ஆசிரியராக அவர் தவறினார் என்பதை மறுக்கமுடியாது. அவர் பதவி இறக்கப்பட்டார், பள்ளி மூடப்பட்டது, 2025 ஜூனில் அவர் சங்கத்தை விட்டே விலகினார். அடிபட்ட இளைஞரின் பக்கம் நின்று நோக்கினால் தண்டனை தேவையே. ஆனால் நடத்தைக்கு வழங்கும் தண்டனை வேறு, பிறப்புக்கு விதிக்கும் தடை வேறு. முன்னதன் நியாயத்தைப் பின்னதற்குத் துணையாக்குவது நேர்மையன்று.

தங்கவயலில் இதே முரண் வேறு உருவில் நின்றது. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்குள் இறங்கியவரில் மிகப் பலர் வடஆர்க்காடு போன்ற பகுதிகளின் தமிழர், அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் சூட்டையும், அழுத்தம் தாங்காமல் அது திடீரென வெடித்துச் சிதறும் அபாயத்தையும், நுரையீரலில் படியும் கல்தூசியையும் தாங்கியது அவர்களின் உடலே. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊரில், ஐரோப்பியருக்கு மாளிகையும் மன்றமும் அமைந்தன. தொழிலாளருக்கு ‘லைன்’ எனப்பட்ட வரிசைக் குடிசைகள் கிடைத்தன. 1930இல் கைரேகைப் பதிவைத் திணித்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பொன்னை எடுத்துத் தருபவரைத் திருடராக ஐயுறும் ஏற்பாட்டிற்கு எதிரான அந்த மறுப்பைத் தன்மானத்தின் செயலென்றே கொள்ளவேண்டும். சுரங்கங்களைப் பின்னர் நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001இல் மூடப்பட்டபின், பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் குடியிருந்த வீட்டுக்கே உரிமை கேட்டு நிற்க நேர்ந்தது. அவர்தம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லலாயினர்.

இரண்டையும் சமமாக்குவது பிழை. ஹகுஹோ விரும்பிச் சென்றார், செல்வமும் புகழும் பெற்றார். சுரங்கத் தொழிலாளியைக் குழிக்குள் அனுப்பியது வறுமையும் சாதியும். ஆயினும் உழைப்பைப் பெறும்போது உடலின் திறத்தை அளவாகக் கொண்டு, உரிமை வழங்கும்போது அளவுகோலை மாற்றிக்கொள்ளும் செயல் இரண்டிலும் ஒன்றே. ஒருவரின் இளமையை ஏற்ற கணத்திலேயே அவரை உறுப்பினராக ஏற்கும் கடமையும் பிறந்துவிடுகிறது. அதைப் பின்னால் புதிய நிபந்தனைகளால் குறைப்பது, பேசாத ஒப்பந்தம் ஒன்றை முறிப்பதே.

2025 ஜனவரியில் 74ஆவது யோகோசுனாவாக உயர்ந்த ஹோஷோர்யூ, அசாஷோர்யூவின் சகோதரரின் மகன், அவரும் மங்கோலியரே. அவர் ஓய்வுபெறும் நாளில் தாய்நாட்டையும் பணியையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லாதிருக்க, அவ்விதியை நீக்குவதற்குச் சங்கத்திடம் இன்னும் காலம் உள்ளது.