மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

கத்தரிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்துச் சொத்தையைத் தள்ளுகிறோம். குழந்தையை விடப்போகும் காப்பகத்தை மட்டும், சுவரில் வரைந்த பொம்மைப் படங்களைப் பார்த்துவிட்டு, பத்தே நிமிடத்தில் முன்பணம் கட்டி முடிவு செய்துவிடுகிறோம். இது தகுமா?

தாயும் தந்தையும் வேலைக்குப் போவதில் குற்றமில்லை. பாராமல் விட்டுப் போவதுதான் குற்றம்.

காலை பத்து மணிக்கு எல்லாக் காப்பகமும் பளிச்சென்றுதான் இருக்கும். பிள்ளைகள் உண்டு உறங்கும் மதியம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுக்கிறார்களா? செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம், அப்படியே திரும்பிவிடுங்கள்.

விட்டால், நேரே குளியலறைக்குப் போங்கள். வாளியில் தண்ணீர் நிற்கிறதா? தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்து மூழ்க அரை வாளி போதும். அடுப்பு எங்கே எரிகிறது, வெளியேற இன்னொரு வாசல் உண்டா என்று பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் அடுப்புத் தீ கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அவர்களையும் அன்று காலை தலைவாரித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். அவருக்கு என்ன சம்பளம் என்றும் கேளுங்கள். வயிறு காய்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லி ஏழு மணிக்கு வருவது நம் பிழை. அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 முதல் சட்டமே சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் வாய்திறந்து கேளுங்கள்.

சேர்த்ததோடு கடமை தீரவில்லை. முதல் வார அழுகை இயல்பு. மாதம் கடந்தும் அந்த வாசலைக் கண்டதும் பிள்ளை உங்கள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டால், தினமும் மாலையில் சொக்கிப்போய்க் கிடந்தால், "பழகிடும்" என்று தள்ளாதீர்கள். பேச்சு வராத பிள்ளைக்கு அழுகைதான் வாக்குமூலம். கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

நாளைக்கே அரைநாள் விடுப்பு போடுங்கள். ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.