தூசி போகும் இடம்

மாசி மாதத்தோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. விடியற்காலையில் கம்பளியை விட்டு வெளியே வர மனம் வராது. பகல் ஒரு மணிக்கோ, உடம்பில் சட்டை இருப்பதே பாரமாக இருக்கும். காலையில் வெந்நீர் கேட்டவனே மத்தியானம் பானைத் தண்ணீர் கேட்கிறான். ஒரே மனிதனை ஒரே நாளில் இரண்டு பேராக்கி வேடிக்கை பார்க்கும் மாதம் இது. போதாக்குறைக்குத் தூசி! மேஜையில், புத்தகத்தில், எழுதுகிற காகிதத்தில், ஆற்றி வைத்த காப்பியில், எங்கும் தூசி.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு தெரியாது. குளிரையும் வெப்பத்தையும் கடல் ஓரளவு சமன் செய்துவிடும். நான் இருப்பது கடலுக்கு வெகு தூரத்தில், கொங்கு நாட்டில். வடகிழக்குப் பருவமழை விடைபெற்றுப் போன பிறகு இங்கே வானத்தில் மேகம் இராது. காற்றில் ஈரம் இராது. பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் பூமி தடையில்லாமல் இழந்துவிடுகிறது. போர்வை இல்லாமல் படுத்தவன் கதைதான். அந்த மேகமற்ற வானமே பகலில் வெயிலைத் தடுக்க ஆளில்லாமலும் செய்துவிடுகிறது. பார்க்கப் போனால் காலைக் குளிரும் பகல் வெயிலும் பகையாளிகள் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று நம் முன்னோர்கள் வகுத்தார்கள். தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் சொல்லிவிட்டு, பின்பனியும் அதற்கு உரியதுதான் என்கிறார். பாலை பிரிவுக்கு உரிய திணை. கொதிக்கும் வேனிலோடு பனிக்காலத்தை ஏன் சேர்த்தார் என்பது, கல்லூரியில் நான் இருந்த இரண்டு வருஷமும் எனக்குப் புரியவில்லை. போன மாசியில்தான் எனக்கென்று ஓர் அர்த்தம் கிடைத்தது. புலவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை.

இந்தக் காலத்தைச் சமாளிப்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் தேர்ந்தவர்கள். உதட்டு வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய். மத்தியானத்துக்கு நீர்மோர். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி. மேஜை நாற்காலிகளை ஈரத் துணியால் துடைப்பது, துணியை அலசிய தண்ணீரைத் தெருவோரம் கொட்டுவது, அது காய்ந்து மறுநாள் மறுபடியும் தூசியாகி உள்ளே வருவது, எல்லாம் ஒழுங்காக நடக்கும். தூசியை ஒழித்தவர் உலகத்தில் யாருமில்லை. இடம் மாற்றத்தான் முடியும். இந்த எளிய உண்மை எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதுவும் நானே செய்த ஒரு காரியத்தால்.

எங்கள் தெருவைப் பெருக்க ஓர் அம்மாள் வருவாள். அவள் வருகிற நேரம் காலை ஏழு மணி. நான் திண்ணையில் காப்பியும் பத்திரிகையுமாக உட்காரும் நேரமும் அதுதான். அவள் துடைப்பத்தை வீச, புழுதி எழும்பித் திண்ணைக்கு வரும். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். கதை எழுதிப் பழகிய கையல்லவா? சுகாதாரம், குழந்தைகள், முதியோர் என்று எல்லோரையும் அதில் கொண்டுவந்து நிறுத்தினேன். என் காப்பியைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட எழுதவில்லை. மூன்றே நாளில் பலன் கிடைத்தது. திண்ணையில் புழுதி இல்லை. எழுத்துக்கு இருக்கிற சக்தியை நினைத்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் ரயிலைப் பிடிக்க நாலரை மணிக்கு எழுந்தேன். வெளியே இருமல் சத்தம் கேட்டது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் பழைய சேலைக் கிழிசலைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். எழுந்த புழுதி மேலே போகவில்லை. விளக்கடியிலேயே புகைபோல நின்றது.

அது ஏன் நின்றது என்பதற்கும் காரணம் உண்டு. மேகமில்லாத இரவின் முடிவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். பானைக்கு மூடி போட்டாற்போல. வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று மேலெழுந்து தூசியும் கலைந்து போகும். ஆக, நாளில் எந்த வேளையில் குளிர் அதிகமோ, எந்த வேளையில் தூசி மூக்கருகிலேயே நிற்குமோ, அந்த வேளைக்கு அவளை மாற்றி வைத்தது என் மனு. என் சங்கடம் தீரவில்லை. அது அவள் நெஞ்சுக்குள் குடிபோயிருந்தது.

சகிப்பை ஒரு குணமாகப் புகழ்கிறோம். சாமர்த்தியத்தையும் புகழ்கிறோம். ஆனால் சமாளிப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. நீர்மோர் குடிப்பது ஒரு விதம். அதனால் யாருக்கும் தாகம் கூடுவதில்லை. தொல்லையை அடுத்தவன் தலைக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவது இன்னொரு விதம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால், நிம்மதி வந்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: போன தொல்லை எங்கே போயிற்று?

“அவளுக்கு அது கூலி வேலைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. நானே துடைப்பத்தை எடுத்தால் அவளுக்குச் சோறு கிடைக்காது. பெருக்குவதற்குத்தான் கூலி கொடுக்கிறோம். என் காப்பிக்காக இருமுவதற்கு அவளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பழைய நேரத்தையே வைக்கும்படி இரண்டாவது மனு எழுதினேன். முதல் மனுவுக்கு மூன்று நாள். இதற்கு மூன்று வாரமாகியும் பதில் இல்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு விடியற்காலை கம்பளியை உதறிவிட்டு எழுந்து, அவள் வருமுன் என் வாசலுக்கு நேரே தெருவில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்தேன். கை விறைத்துப் போயிற்று. ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட மிதப்போடு வாசலில் நின்றேன்.

அவள் வந்து ஈர மண்ணைப் பார்த்தாள். புழுதி எழாமல் துடைப்பம் ஓடிற்று. “சரிங்கய்யா, நல்லதுங்க,” என்றாள். பிறகு, என் வாசலுக்கு அப்பால் இருட்டில் நீண்டு கிடந்த தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு, “இன்னும் நாப்பது வாசல் கெடக்குதுங்களே!” என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

நாற்பது வாசல்களும் சாத்திக் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கம்பளி, அதற்குள் ஒரு மனிதன். பின்பனிக்கும் பிரிவுக்கும் என்ன உறவு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் நாலேகால் மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு திறக்க வெகுநேரமாயிற்று.