மரபும் விவேகமும்

முன்னோர் செய்ததைத் தானும் செய்து, அதைப் பிள்ளைகளுக்கும் விட்டுச்செல்வது மனித குலத்திற்கே உரிய சிறப்பு என்று நாம் எண்ணுகிறோம். உண்பதும் உறங்குவதும் விலங்குகளுக்கும் உண்டு. மரபும் பண்பாடும் மனிதனுக்கு மட்டுமே உரியவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தக் கருத்து இன்று நிலைகுலைந்திருக்கிறது. அதைக் குலைத்தவை நம் மதில்மேல் அமர்ந்திருக்கும் குரங்குகளும் அவற்றின் உறவினங்களுமே.

ஒரு குரங்கு மற்றொன்றின் முதுகில் பேன் பார்ப்பதைக் கண்டு நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். பெங்களூருவைச் சேர்ந்த ஆய்வாளர் அனிந்த்ய சின்ஹா அதைப் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கினார். தென்னிந்தியாவின் நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் பெண் குரங்குகளிடையே உயர்வு தாழ்வு என்ற படிநிலை உண்டு. அவற்றுள் இரண்டு பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டையும்விட உயர்ந்த நிலையிலுள்ள மூன்றாவது குரங்கு நெருங்கினால் என்ன நிகழும்? பெரும்பாலும் இரண்டில் தாழ்ந்தது எழுந்து விலகும். ஆனால் சில வேளைகளில் உயர்ந்தது விலகித் தாழ்ந்ததற்கு இடம் விடுகிறது. அந்தத் தாழ்ந்த குரங்கு கூட்டத்தில் பலருக்கும் வேண்டியதாக, அதாவது மற்றவை மிகுந்த நேரம் பேன் பார்த்துவிடும் ஒன்றாக இருக்கும்போதே இவ்வாறு நிகழ்கிறது. தன் நிலையை மட்டுமன்றிப் பிறருக்குள் நிலவும் உறவையும் அக்குரங்கு எடைபோடுகிறது என்பதே 1998-இல் அவர் வெளியிட்ட ஆய்வு உணர்த்தும் உண்மை.

சிம்பன்சிகளிடம் இது மரபாகவே வளர்ந்திருக்கிறது. தான்சானியாவின் மகாலே மலைப்பகுதியில் இரண்டு சிம்பன்சிகள் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு கையை உயர்த்தித் தலைக்குமேல் கோத்துக்கொண்டு, மறுகையால் ஒன்றையொன்று தூய்மை செய்கின்றன. அதே நாட்டிலுள்ள கோம்பே காட்டின் சிம்பன்சிகளிடம் இவ்வழக்கம் இல்லை. 1978-இல் இந்த வேறுபாடு அறிவுலகின் கவனத்திற்கு வந்தது. 1999-இல் ஆப்பிரிக்காவில் நடந்த 7 நீண்டகால ஆய்வுகளின் குறிப்புகளை ஒப்பிட்டவர்கள், ஒரு கூட்டத்தில் வழக்கமாகவும் வேறொன்றில் காணப்படாமலும் இருக்கும் 39 நடத்தைகளைத் தொகுத்தனர்.

இன்னொரு செய்தி சிந்திக்கத்தக்கது. ஜாம்பியாவிலுள்ள ஒரு சரணாலயத்தில் ஜூலி என்ற சிம்பன்சி ஒரு புல்லை எடுத்துத் தன் காதில் செருகிக்கொண்டது. அதனால் விளையும் பயன் எதுவும் தெரியவில்லை. எனினும் அதன் கூட்டத்தில் பலவும் அவ்வாறே செய்யத் தொடங்கின. ஜூலி இறந்த பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

மனிதனின் தனிச்சிறப்பு எது?

மரபைப் பின்பற்றுவது மட்டுமே மனிதத்தன்மை என்றால், காதில் புல் செருகிய சிம்பன்சிகளும் அதைப் பெற்றிருக்கின்றன. "பெரியவர் செய்தார், நானும் செய்கிறேன்" என்பதோடு நின்றுவிட்டால் நாம் அவற்றைவிட ஓர் அடியும் முன்னே செல்லவில்லை. "இது சரிதானா? இதனால் யாருக்கு நன்மை? யாருக்குத் தீங்கு?" என்று தன் வழக்கத்தையே நிறுத்திக் கேட்கும் ஆற்றல்தான் மனிதனை உயர்த்துகிறது. அதற்கு விவேகம் என்று பெயர். விவேகம் மரபின் பகையன்று. ஆராய்ந்த பின்னும் நிலைக்கும் மரபு முன்னிலும் உறுதி பெறுகிறது.

இதற்கான சோதனை தொலைவில் இல்லை. குரங்குக்கு உணவளிப்பது புண்ணியம் என்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். ஆஞ்சநேயரை நினைத்துப் பழம் கொடுப்போர் பலர். பந்திப்பூர் காட்டில் சுற்றுலாப் பயணிகளை அண்டி வாழும் நாட்டுக் குரங்குகளைப் பெங்களூருவின் தேசிய மேம்பட்ட ஆய்வுகள் நிறுவனத்தினர் ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். உணவு வைத்திருக்கும் மனிதரை நோக்கி அக்குரங்குகள் குரலெழுப்புகின்றன; கையை நீட்டுகின்றன; அவர் முகத்தைக் கவனித்துக் காத்திருக்கின்றன. கொடுப்பது நம் வழக்கமாயிற்று; கையேந்துவது அவற்றின் வழக்கமாயிற்று.

பழம் கொடுத்தவர் மனநிறைவோடு ஊர் திரும்புகிறார். குரங்கு சாலையோரத்தில் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறது. சக்கரத்தில் அடிபடுவதும், பையைப் பறித்ததற்காகக் கல்லடி படுவதும், தொல்லை என்று கூண்டில் பிடிபடுவதும் அதன் பின்விளைவுகள். இதற்கிடையே, மைசூரு வட்டாரத்தின் சாலையோரங்களில் 25 ஆண்டுகளில் நாட்டுக் குரங்குகள் 65 விழுக்காட்டிற்கு மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. சாலையோர ஆல், அத்தி முதலிய மரங்கள் வெட்டப்பட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பழம் தரும் மரத்தை இழந்ததைப் பற்றிக் கவலைப்படாத நாம், ஒரு வாழைப்பழத்தை நீட்டிக் கருணை செய்ததாக மகிழ்கிறோம்.

"பசித்த உயிர் கண்ணெதிரே நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அடிபட்ட உயிரையும், உணவின்றிச் சாகும் நிலையிலுள்ள உயிரையும் காப்பது கடமை. ஆனால் காட்டில் தானே இரை தேடி வாழும் ஓர் உயிரை இரவலனாக்குவது கருணையாகாது. அங்கே நாம் தணிப்பது அதன் பசியையா, கொடுக்க வேண்டும் என்ற நம் விருப்பத்தையா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேன் பார்க்கும் குரங்கிடம் ஒரு பாடம் இருக்கிறது. மற்றதன் கைக்கு எட்டாத முதுகை அது பொறுமையாக விலக்கி விலக்கிப் பார்க்கிறது. எங்கே வேண்டுமோ அங்கே கை வைக்கிறது. நம் தொண்டுகளில் பல, பிறருக்கு எது தேவை என்று பாராமலே செய்யப்படுகின்றன. கையேந்தக் கற்றுக்கொண்ட குரங்கால் அவ்வழக்கத்தை ஆராய்ந்து கைவிட முடியாது. கொடுக்கப் பழகிய மனிதனால் முடியும். ஆகவே திருத்திக்கொள்ளும் பொறுப்பும் அவனுடையதே. அடுத்த முறை பந்திப்பூர் வழியே செல்பவர் வண்டியை நிறுத்தாமல் செல்லட்டும். ஊர் திரும்பியதும் சாலையோரத்தில் ஓர் ஆலங்கன்று நட்டு, அது வேரூன்றும்வரை நீர் ஊற்றட்டும்.